நாலாவது மணியின் கயிறு

எந்த நேரம் தொலைபேசி எடுத்தாலும் "சொல்லு பிள்ளை" என்று தொடங்கும் என் அண்ணைக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியைக் குறையில்லாமல் செய்து முடித்தோம். என் மகன்தான் கருமம் செய்தான். ஐயர் சொன்ன மந்திரத்தை அவன் தன் பிரெஞ்சு நாக்கால் திருப்பிச் சொன்னதைக் கேட்டிருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பீர்கள். ஒவ்வொரு கோடைக்கும் கூப்பிட்டும் வராத மனிதர், கடைசியில் என் மடியில் ஒரு சிறு சாம்பல் பெட்டியாக டோர்வல் விமான நிலையத்தில் வந்து இறங்கினீர்கள்.

அண்ணி காலமான பிறகு நான் எத்தனை தரம் கேட்டேன்? ஒரு கடை, ஒரு பப், ஒரு கிறிஸ்தவ வேதக்கோயில். இங்கிலாந்தின் ஏதோ மூலையில் அவ்வளவுதான் உங்கள் ஊர். அந்தக் கடையை நடத்திக்கொண்டிருந்த ஒரேயொரு தமிழன் நீங்கள். இங்கே மொன்றியலில், வில்லரேயில் எங்கள் வீட்டில் உங்களுக்கென்று ஓர் அறை ஒதுக்கி, கட்டிலும் போட்டு வைத்திருந்தேன். "ஆருமில்லாத ஊரிலை தனியக் கிடந்து என்ன செய்யப் போறியள்?" என்று ஏசுவேன். "வாறன் பிள்ளை, பேந்து பாப்பம்" என்று தள்ளிப்போடுவீர்கள்.

அப்பாவும் அம்மாவும் இல்லாத வீட்டில் என்னைப் படிப்பித்து, கட்டிக்கொடுத்து, கனடாவுக்கு ஏற்றிவிட்டவர் நீங்கள். அப்படிப்பட்டவருக்கு என் கையால் ஒரு பிடி சோறு போட முடியவில்லையே என்ற மனக்குறை எனக்கு இன்னும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்தால் மட்டும் நீங்கள் அகப்படமாட்டீர்கள். வேதக்கோயில் கோபுரத்தில் மணிக்கயிறு இழுக்கப் போவதாகப் பிறகு சொன்னீர்கள். இங்கே சொந்தக்காரர் எல்லாரும் நீங்கள் வேதத்துக்கு மாறிவிட்டீர்கள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். நான் நேரே கேட்டேன்.

"கயிறு இழுக்கிறதுக்கு என்ன சமயம்? கோபுரத்திலை மணி ஆறு, இழுக்க ஆள் அஞ்சு. கடைக்கு வந்து கேட்டாங்கள், போனன்" என்றீர்கள்.

நீங்கள் இழுக்கும் நாலாவது மணியை வார்த்த காலத்தில் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் ஆண்டார்கள் என்று பெருமையடிப்பீர்கள், ஏதோ நீங்களே நின்று வார்த்தது போல. இரண்டாம் உலக யுத்தத்தின்போது இங்கிலாந்து முழுக்க எந்த வேதக்கோயிலிலும் மணி அடிக்கக்கூடாது என்று தடுத்து வைத்திருந்தார்களாம். அதைச் சொன்ன அன்று எங்கள் ஊர் யுத்தத்தைப் பற்றித்தான் கதைத்தோம். நாங்கள் இடம்பெயர்ந்த பிறகு எங்கள் அம்மன் கோயில் மணி எத்தனை வருஷம் சும்மா தொங்கியது அண்ணை?

உங்கள் செத்தவீட்டுக்குத்தான் அந்த ஊரை முதன்முதலாகப் பார்த்தேன். உங்களை ஏற்றிய கார் கடை வாசலில் இருந்து புறப்பட, மணிகள் அடித்தன. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு ஒரு வெறுமை. ஐந்து, ஆறு. திரும்பத் திரும்ப அப்படியே. என் அண்ணையின் கடைசிப் பயணத்துக்குப் பழுதான மணியா என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் பக்கத்து வீட்டு மூதாட்டி என் கையைப் பிடித்து, அந்த வெறுமை உங்கள் மணிக்குரிய இடம், இன்று அதை வேறு யாரும் இழுக்கமாட்டார்கள் என்றார். அப்போது நான் அழுத அழுகையை உங்களுக்கு எழுதப் போவதில்லை.

அந்தியேட்டியன்று பின்னேரம், வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, டெரிக் தொலைபேசியில் கூப்பிட்டார். கோபுரத்தில் உங்களுக்குக் கயிறு பிடிக்கப் பழக்கிய பெரியவர். அண்ணி செத்தபோது முப்பத்தொரு நாள் துடக்கு, கோயிலுக்குப் போகக்கூடாதென்று நீங்கள் கோபுரத்துப் பக்கமே போகவில்லையாம். அந்தக் கணக்கை அவர் மறக்கவில்லை. அதனால் உங்களுக்கும் முப்பத்தொரு நாள், ஒவ்வொரு ஞாயிறும், உங்கள் இடத்தை வெறுமையாக விட்டே அடித்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை அங்கே ஒரு கலியாணம். மணப்பெண்ணுக்கு ஒரு மணி குறைய அடிக்க அவர்களுக்கு மனமில்லை. ஊருக்குத் தபால் கொண்டுவரும் பெண் இழுக்கப் பழகியிருக்கிறாளாம். உங்கள் துடக்குக் கழிந்துவிட்டதா, கயிற்றை அவளிடம் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்கிறார். உரிமைக்காரியிடம் கேட்பது போல. கொடுங்கள், அண்ணை சந்தோஷப்படுவார் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

சனிக்கிழமை அந்தப் பக்கத்து வீட்டு மூதாட்டி கோபுரத்தடியில் நின்று எனக்குக் கூப்பிட்டு, கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தார். அடுப்பை நிறுத்திவிட்டு நான் கேட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. உங்கள் நாலு அண்ணை. எவ்வளவு கனமான சத்தம் அது.

ஆருமில்லாத ஊர் என்று இனி என் வாயால் வராது. உங்களுக்கு அங்கே ஆட்கள் இருந்தார்கள். உங்களுக்கு நான் செய்து பார்க்க நினைத்ததை எல்லாம் அவர்கள் செய்திருக்கிறார்கள். அந்த ஊருக்கு நான் எப்படி நன்றி சொல்ல?

உங்கள் அறைக் கட்டிலை இன்னும் எடுக்கவில்லை. டெரிக்கை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் உங்களைப் போல் பேந்து பாப்பம் என்று சொல்லவில்லை, வருகிற கோடைக்கு வருகிறாராம். உங்களுக்குப் போடாத சோற்றை அவருக்கு நானே குழைத்துக் கையில் கொடுப்பேன் அண்ணை. இது சத்தியம்.

நீங்கள் ஆளாக்கிவிட்ட தங்கச்சி,
வில்லரே, மொன்றியல்