மிளகுக்கு உடம்பு சரியில்லை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று முதல் வரியில் எழுதிப் பழகிய கை இன்று அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது. அதனால் உள்ளதையே முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா பிழைத்துக்கொண்டார். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் பதறாமல் படி.

மலைக்குப் பாதி வழியில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். ஆஸ்பத்திரி என்றால் மூன்று அறை. ஒன்றில் டாக்டரம்மா, ஒன்றில் மருந்து, ஒன்றில் அப்பா. மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். இன்று மூன்றாவது நாள். காலையில் ரொட்டியும் பாலும் சாப்பிட்டார், ரொட்டி செருப்பு மாதிரி இருக்கிறது என்று குறை சொன்னார். அவர் குறை சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. மிளகு கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறது. நாயெல்லாம் உள்ளே வரக்கூடாது என்று நர்ஸ் முதல் நாள் விரட்டிக்கொண்டே இருந்தார். விரட்ட விரட்ட அது திரும்பி வந்ததில் அவரே அலுத்துப்போய் ஒரு பழைய சாக்கை விரித்துக் கொடுத்துவிட்டார்.

போனில் சொல்லலாம்தான். இங்கே மொட்டை மாடிக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கிறது. அங்கே நின்று உன் குரலைக் கேட்டால் பாதியிலேயே அழுதுவிடுவேன். மீதியை நீயாகக் கற்பனை செய்துகொண்டு தவிப்பாய். கீழே போகும் பஸ் டிரைவர் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுதான் நல்லது என்று தோன்றியது.

நாங்கள் மலைக்குக் கிளம்பியது உனக்குத் தெரியாது. அப்பா சொல்ல வேண்டாம் என்றார், நானும் விட்டுவிட்டேன். லிப்ட் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் வேனின் பின் சீட்டுகளைக் கழற்றிக் கூடத்தில் போட்டார். பலகை அடித்துப் படுக்கை செய்தார். அதன் அடியில் அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் இழுப்பறை. மிளகுக்கு என்று ஜன்னலோரமாக ஒரு மேடை. எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். "மிளகுக்கு மலைக்காத்து காட்டணும்" என்றார். வேலை இல்லாத ஆளுக்குக் கை அரிக்கிறது, செய்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். மருந்துக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக நான் லீவு என்று கேட்டதே இல்லை. பத்து நாள் கேட்டதும் முதலாளிக்கே ஆச்சரியம்.

முதல் நான்கு நாள் நன்றாகத்தான் போயிற்று. ஆற்றோரமாக வேனை நிறுத்திச் சமைப்போம். மிளகு தலையை வெளியே நீட்டிக்கொண்டு காது இரண்டும் பறக்க உட்கார்ந்திருக்கும். ஓரிடத்தில் எங்களைப் போலவே கூடாரம் போட்டிருந்த ஒருவரின் சாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவின் மடியில் போட்டது. அவர் அதைத் திருப்பிக் கொடுக்கப் போய், ஒரு மணி நேரம் பேசிவிட்டு, ஈரச் சாக்ஸோடு திரும்பி வந்தார். கொடுக்க மறந்துவிட்டாராம், சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது.

ஐந்தாம் நாள் இந்த ஊரில் டீசல் போட நிறுத்தினோம். பெட்ரோல் பங்க்கில் இருந்தவர், இங்கே இரண்டு நாள் தங்கி உடம்பைப் பழக்கிவிட்டு மேலே போங்கள் என்று எச்சரித்தார். அப்பா உடனே, "முப்பத்தஞ்சு வருஷம் ஊரையே மேலயும் கீழயும் ஏத்தி இறக்கினவன்யா நான், எனக்கு உயரம் சொல்லித் தரியா" என்றார். அவரும் சிரித்துவிட்டார். நான் மட்டும் பக்கத்துக் கடையில் ஆக்சிஜன் டப்பா ஒன்று வாங்கி வைத்துக்கொண்டேன். உயரத்துக்குப் போட வேண்டிய மாத்திரையை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தேன். தினமும் காலையில் கேட்பேன், போட்டாச்சு என்பார்.

அன்று சாயங்காலமே பதினான்காயிரம் அடிக்குப் போய்விட்டோம். மரம் ஒன்று கிடையாது. புல்வெளி, கல், காற்று. மேலே இன்னும் பதினோரு கிலோமீட்டரில் ஓர் ஏரி இருக்கிறது, காலையில் போகலாம் என்று நிறுத்தினோம்; வேனில் வேண்டாம், புல்வெளியில்தான் படுக்கணும் என்று அப்பா சொல்ல, அங்கேயே கூடாரம் அடித்தோம். நான்கு முளை அடிப்பதற்குள் அப்பா ஐந்து தடவை உட்கார்ந்தார். கேட்டதற்கு, முளை மட்டமான இரும்பு என்றார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, டீயில் மட்டும் சூடே இல்லை. எனக்கும் தலை வலித்தது. மிளகு ஒன்றுதான் நன்றாக இருந்தது. தன் பங்கு போதாமல் என் பங்கு பிஸ்கட்டையும் தின்றுவிட்டுச் சுருண்டு படுத்தது.

விடிந்து பார்க்கிறேன், அப்பா எழுந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறார். அது சாதாரண இருமல் இல்லை. உள்ளே தண்ணீர் தளும்புகிற மாதிரி ஒரு சத்தம். சட்டைப் பித்தான்களை மேலுக்குக் கீழாக மாற்றிப் போட்டிருந்தார். நகங்களைப் பார்த்தேன், நீலம் பாரித்திருந்தது. கீழே போய்விடலாம் என்றேன். "பதினோரு கிலோமீட்டர்தான், ஒரு டீ குடிச்சா சரியாயிடும்" என்றார். கெஞ்சினேன், கத்தினேன். காதிலேயே வாங்கவில்லை, வேன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். உன் அப்பாவை உனக்குத் தெரியும். அவர் உடம்புக்கு என்று சொன்னால் ஓர் அடி நகரமாட்டார்.

அதனால் ஒரு பொய் சொன்னேன். மிளகு ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தது, எழுந்து நிற்கவே மாட்டேன் என்கிறது, உயரம் அதுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, உடனே இறங்கணும் என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. சாவியைப் போட்டுவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தார். தூங்கிக்கொண்டிருந்த மிளகின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இறங்குவார் என்றுதான் நினைத்தேன். அவர் என் பையை இழுத்து ஆக்சிஜன் டப்பாவை எடுத்தார். மிளகின் மூக்கில் வைத்து அழுத்தினார். ஒன்றுமில்லடா, ஒன்றுமில்லடா என்று சொல்லிச் சொல்லி அழுத்தினார். மிளகு விளையாட்டு என்று நினைத்து டப்பாவை நக்கியது. உஸ், உஸ் என்று காற்றெல்லாம் போகிறது. அவருடைய உதடு கறுத்துக்கொண்டு வருகிறது.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன், கண்ணா. இதை யாரிடமும் சொல்லவில்லை, டாக்டரம்மாவிடம்கூட. பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. உஸ் சத்தம் மெலிந்துவிட்டது என்று காதில் விழுந்தபோதுதான் டப்பாவைப் பிடுங்கினேன். "அதுக்கு ஒண்ணும் இல்ல, நான் பொய் சொன்னேன், உங்க நகத்தைப் பாருங்க" என்று கத்தினேன். அவர் நகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "நிஜமா மிளகுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். டப்பாவில் மிச்சம் இருந்தது நாலு மூச்சோ ஐந்து மூச்சோ. அதை அவருக்கு வைத்தேன்.

கூடாரம், அடுப்பு எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டோம். அவரை எப்படி வேனில் ஏற்றினேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே விளங்கவில்லை. நான் வேன் ஓட்டியதெல்லாம் வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும்தான். ரிவர்ஸ் எடுத்தால் தெருவே வேடிக்கை பார்க்கும். அந்தச் சாலையில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் வெறும் ஆகாயம். அப்பா கண்ணை மூடிக்கொண்டே, "ரெண்டாவது கியர்லயே விடு", "பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்காத, விட்டு விட்டு மிதி" என்று சொல்லிக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரத்தில் பேச்சு நின்றது. சரியா ஓட்டுறேனா என்று கேட்பேன், ஒரு விரலைத் தூக்குவார். அடுத்த வளைவில் கேட்பேன், விரல் உயரும். ஒரு வளைவில் உயரவில்லை. மிளகு இரண்டு சீட்டுக்கும் நடுவில் நுழைந்து அவர் கையை நக்கிக்கொண்டே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் வண்டி பள்ளத்தில்தான் போகும் என்று தெரிந்தது.

கீழே ஒரு வளைவில் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது, ரோடு ரோலர் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஹாரனை விடாமல் அழுத்தினேன். ரோலர்காரர் திட்டிக்கொண்டே வந்தவர், உள்ளே எட்டிப் பார்த்தார். ஓடிப்போய் ரோலரைப் பின்னுக்கு எடுத்துப் பாறையோடு ஒட்டி நிறுத்தினார். "கண்ணாடியை மடக்கிக்கோம்மா, நான் கை காட்டறேன், என்னை மட்டும் பாரு" என்று எனக்கு முன்னால் பின்னோக்கி நடந்தே வழி காட்டினார். அவர் கையைப் பார்த்துத்தான் வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு ஸ்டியரிங்கிலிருந்து என் விரல்களைப் பிரிக்க நர்ஸ் வரவேண்டியிருந்தது.

நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். சின்னப் பெண், உன்னைவிட இளையவளாக இருப்பாள். "அந்த ஏரிக்குப் போயிருந்தா..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டாள். இப்போது நீர் வற்றிக்கொண்டு வருகிறது. இன்னும் பத்து நாள் இங்கேயே இருக்க வேண்டும். பிறகும் ஒரு மாதம் வண்டி ஓட்டக் கூடாது.

அவருடைய பிரஷர் சீட்டைக் கேட்டார்கள் என்று வேனின் முன் பெட்டியைத் திறந்தேன். நான் தினமும் எடுத்துக் கொடுத்த மாத்திரை எல்லாம் அங்கே ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தது. போட்டால் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டிவரும், வண்டி ஓட்ட முடியாது என்று போடவில்லையாம். ஆக, அவரும் எனக்குப் பொய்தான் சொல்லியிருக்கிறார்.

அதற்கும் அடியில் பிளாஸ்டிக் உறையில் இன்னொரு காகிதம் இருந்தது. உன் கையெழுத்து. மிளகு குட்டியாக வந்த வருஷம் நீ வரைந்து கொடுத்த வழி. நீயும் அப்பாவும் மிளகும் போவதாக இருந்தது, உனக்கு நினைவிருக்கிறதா? ஆற்றோரம், டீசல் போடும் ஊர், புல்வெளி, ஏரி எல்லாம் வரிசையாகப் போட்டிருந்தாய். நாங்கள் வந்தது அதே வழிதான். நான் ஓர் இடத்தில்கூடச் சந்தேகப்படவில்லை. ஏரி பக்கத்தில் அப்பா பென்சிலால் எழுதியிருக்கிறார்: "இங்கே மிளகை நிறுத்திப் படம். அவனுக்கு அனுப்பணும்."

அதைப் பழையபடி உறையில் போட்டு என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, உன் மனைவி வீட்டை விட்டுப் போனபோது, அத்தனை பேர் நடுவில் "நியாயம் அவ பக்கம்தான் இருக்கு" என்று அப்பா சொன்னார். நீ மிளகை எங்களிடம் விட்டுவிட்டு எழுந்து போனாய். அவர் சொன்னது சரியா தப்பா என்று நான் இப்போது தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் செய்கிறாய். வைக்கும்போது மிளகு எப்படி இருக்கு என்று கேட்பாய். பக்கத்தில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பவர், "நல்லா இருக்குன்னு சொல்லு, நல்லா சாப்பிடுதான்னு கேளு" என்பார். யாரைக் கேட்கச் சொல்கிறார் என்று நான் கேட்டதில்லை. உன்னைத்தான் என்று எனக்குத் தெரியும். நானும் நடுவில் நின்று இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இதுவாவது நடக்கிறதே என்று ஒரு திருப்தி. மலை மேல் நான் சொன்ன பொய்யும் அந்தப் பழக்கத்தில் வந்ததுதான். நம் வீட்டில் யாருக்கும் யாரையும் நேராகக் கேட்க வரவில்லை.

உனக்கு எழுத வேண்டாம் என்று அப்பா நேற்றே சொல்லிவிட்டார். நோயைக் காட்டிக் கூப்பிடுகிறோம் என்று நினைப்பானாம். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துதான் எழுதுகிறேன். வண்டி ஓட்ட ஆள் வேண்டும் என்று உன்னைக் கூப்பிடவில்லை. அந்த வளைவுகளை ஓட்டியவளுக்கு இனி இருப்பதெல்லாம் நேர் சாலை மாதிரிதான், மெதுவாக நானே ஓட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

ஆனால் நீ வந்தால், மிளகைப் பார்க்க வந்தேன் என்று சொல்லாதே. அம்மா கூப்பிட்டாள் என்றும் சொல்லாதே. உங்களைப் பார்க்க வந்தேன்ப்பா என்று சொல். அவர் உடனே பதில் சொல்லமாட்டார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாலும் கொள்வார். நீ எழுந்து போய்விடாதே. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறது, அதில் உட்கார்ந்திரு. எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்திரு.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி சீக்கிரம் தூங்கு. நீ நூறு வருஷம் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா