நான் அணைத்து வைத்த பிரேக்

அன்பு மகள் கரினுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நலம். அங்கே டூசானில் நீயும் பிள்ளைகளும் அந்த வெயிலில் வாடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அக்டோபர் பிறந்ததுமே புல்லெல்லாம் உறைபனி, படகைக் கரையேற்றிவிட்டேன், முழங்கால் வழக்கம்போல முனகுகிறது. போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போன் என்றால் நீ நடுவில் பேசுவாய், நான் வாயை மூடிக்கொள்வேன், அப்படி மூடிக்கொண்டே ஐந்து மாதத்தை ஓட்டிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய் அல்லவா, "அப்பா, அந்த வண்டி பின்னால போறப்ப தானா பிரேக் போடும், வாங்கறப்ப நானே கூட நின்னு பார்த்தேன், விபத்துக்கப்புறம் கம்பெனிக்காரனும் சோதிச்சு எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டான், அப்படியும் நிக்கலைன்னா அம்மா ஆக்ஸிலரேட்டரைப் போட்டு மிதிச்சிருக்காங்க, அவங்களுக்குப் புத்தி தடுமாறுது" என்று. பதினாலாம் தேதி ஞாபகசக்தி டாக்டரிடம் நேரம் வாங்கியிருப்பதாகவும், அதன்பின் டுலூத்தில் இருக்கும் அந்த முதியோர் இல்லத்தில் அம்மாவுக்கு ஓர் அறை பார்த்திருப்பதாகவும் சொன்னாய். உன்மேல் தப்பில்லை. உன் அம்மாவே அப்படித்தான் நம்புகிறாள். முப்பத்தோரு வருஷம் நம் சர்ச்சில் ஆர்கன் வாசித்தவள், ஜூன் மாதமே பாதிரியாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டாள், உனக்கு அது தெரியாது. ஏன் என்று கேட்டதற்கு, "ஆர்கனுக்குக் காலாலயும் வாசிக்கணும், என் கால் என் பேச்சைக் கேக்கறதில்லை" என்றாளாம். அதைப் பாதிரியார் வந்து என்னிடம் சொன்னபோதும் நான் தலையை ஆட்டிக்கொண்டு காபி ஊற்றிக் கொடுத்தேன், அவ்வளவுதான் செய்தேன்.

கரின், அம்மா ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவில்லை. அந்தப் பிரேக்கை நான் அணைத்து வைத்திருந்தேன். அம்மாவுக்குக் கழுத்து திரும்பவில்லை என்று நீதான் அடம்பிடித்து அந்த வண்டியை வாங்க வைத்தாய், விற்பனைக்காரன் பின்னால் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை வைத்துக் காட்டினான், வண்டி டக்கென்று நின்றது, உன் அம்மா சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினாள், ஞாபகமிருக்கும். போன ஜனவரியில் என் பிக்கப் வண்டி படுத்துவிட்டது, மீன்பிடிக்க ஏரி ஐஸின்மேல் போவதற்கு அம்மாவின் வண்டியை எடுத்துக்கொண்டேன். ஐஸில் துளைபோடும் மெஷின், கூடாரம் எல்லாவற்றையும் ஏற்ற வண்டிக்குப் பின்னால் கொக்கியில் இரும்புத் தட்டு மாட்டினேன். ரிவர்ஸ் போட்டால் போதும், வண்டி அந்தத் தட்டையே யாரோ குறுக்கே நிற்பதாக நினைத்துக்கொண்டு பிரேக் அடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு மெர்ல் மடியில் சூடான காபி கொட்டியது, "ஏண்டா டுவேன், உன் வண்டிக்கே உன்மேல நம்பிக்கை இல்லையேடா" என்று தூண்டில்புழு விற்கிற கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. திரையில் தேடிப் பிடித்து அந்த வசதியையே அணைத்துவிட்டேன். அந்த வண்டியில் ஒருமுறை அணைத்தால் நாமாகப் போடும்வரை அணைந்தேதான் இருக்கும். மார்ச் கடைசியில் தட்டைக் கழற்றி ஷெட்டில் மாட்டினேன், பிரேக்கைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் பாவம், வண்டி பார்த்துக்கொள்ளும் என்று நம்பி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மே மாதம் அன்றைக்கு நடந்ததில் உனக்குத் தெரியாத பகுதி இதுதான். மெர்லுடைய மனைவி லவோன் வருஷா வருஷம் தோட்டத்தில் அந்தப் புளிப்பு ருபார்ப் தண்டுகளை முதலில் வெட்டும்போது நமக்கு ஒரு கட்டு கொண்டுவந்து வாசற்படியில் வைப்பாள் அல்லவா, அன்றும் வந்தாள். கட்டு அவிழ்ந்து தண்டுகள் வண்டிக்குப் பின்னால் சிதற, அவள் குந்தி உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பினாள், இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்தாள், பின்கேமராவில் சேறு அப்பியிருந்தது, வண்டி நிற்காமல் பின்னால் வந்து லவோனை இடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் நிமோனியா கண்டு, பத்தொன்பதாம் நாள் லவோன் போய்விட்டாள். அன்றைக்கு வந்த ஷெரிப் ஆபீஸ் போலீஸ்காரப் பையன் பிரேக் வசதி இருக்கிறதா என்று கேட்டான், அம்மா அழுதுகொண்டே "இருக்கு, எல்லாம் இருக்கு" என்றாள், நான் பக்கத்தில் நின்று என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் போனதும் வண்டியில் ஏறி அதைத் திரும்பப் போட்டுவிட்டேன். அதனால்தான் கம்பெனிக்காரன் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. மறந்தது ஒரு பிழை, மகளே, அதை மன்னிக்க யாராவது இருக்கலாம். ஆனால் திரும்பப் போட்ட அந்த விரலை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் அம்மாவை முடிவெட்ட அவளுடைய சர்ச் தோழி ஒருத்தி அழைத்துப் போயிருந்தாள், அப்போது நானே சோதித்துப் பார்த்தேன். என் பழைய குளிர்கோட்டில் உதிர்ந்த இலையைத் திணித்து, குந்தி உட்கார்ந்த ஆள் உயரத்துக்கு வைத்து, அதை நோக்கி மெதுவாகப் பின்னால் வந்தேன். குப்பைத்தொட்டியை வைத்தபோது ஒவ்வொரு முறையும் வண்டி நின்றது. கோட்டை வைத்துப் பத்து முறை வந்தேன், நான்கு முறை நின்றது, ஆறு முறை ஏறிப் போனது. ஒரு தடவை ஒன்றுமே இல்லாமல் காட்டுப்புல்லைப் பார்த்து நின்றது. ஒரு முறைகூட நிற்காமல் இருந்திருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன், அப்படி ஆசைப்பட்டுத்தான் சோதித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது அந்த நான்கை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறேன். லவோன் பிழைத்திருப்பாளா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, இனிமேலும் கிடைக்காது. நீயும் உன் வண்டியை அவ்வளவு நம்பாதே மகளே, பிள்ளைகள் வாசலில் விளையாடுகிற வீடு, இறங்கி ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு ஏறு.

இன்று காலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப நான் மிதிக்கலையா?" என்றாள். இல்லை என்றேன். மறுபடியும் அதையே கேட்டாள், மறுபடியும் இல்லை என்றேன். "தினம் ராத்திரி உங்க பக்கத்துலதானே மண்டியிட்டு அழுதேன், கேட்டுக்கிட்டுத்தானே படுத்திருந்தீங்க" என்றாள். ஆமாம் என்றேன். அவள் கூச்சல் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கோட்டைப் போட்டுக்கொண்டு மெர்ல் வீட்டுக்குப் போகிறேன் என்றாள், நானும் வருகிறேன் என்று எழுந்ததற்கு, "நீங்க வராதீங்க, அவர்கிட்ட நீங்க சொல்ல வேண்டியதை நீங்க தனியாப் போய்ச் சொல்லிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சாவுக்குப் பிறகு அவள் அந்தத் தெருவைக் கடந்தது இன்றுதான். மெர்ல் கதவைத் திறந்ததைச் சமையலறை ஜன்னல் வழியே பார்த்தேன். அவள் போய் ஒன்றரை மணி நேரம் ஆகிறது, அதற்குள்தான் இதை எழுதினேன்.

டாக்டரின் நேரத்தை ரத்து செய்துவிடு, மறந்துவிடாதே. அந்த அறையும் வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்ததும் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசு, என்னைக் கேட்க வேண்டாம், நான் எடுத்தால் உடனே அவளிடம் கொடுத்துவிடுகிறேன். நீயும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் நீண்டநாள் இருக்க ஆண்டவர் அருள் புரியட்டும், என் வாயிலிருந்து வரும் ஆசியை ஏற்க உனக்கு மனமிருந்தால். மெர்ல் வீட்டுக் கதவு இப்போது திறக்கிறது, அம்மாவும் அவனும் சேர்ந்து வெளியே வருகிறார்கள், நம் வீட்டுப் பக்கம்தான் வருகிறார்கள். நான் போய்க் கதவைத் திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
டுவேன்