நீ கெடுத்த கோட்டு

தங்கைக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்க மனம் வரவில்லை. நீ கைப்பேசியில் நடத்தும் தையல் குழுவில் யாருமே வாய் திறப்பதில்லை என்று என் மகளிடம் புலம்பினாயாம்.

காரணம் நீதான். பாவாடையில் ஜிப் வைத்தால் துணி சுருங்குகிறதே என்று அங்கே கேட்டேன். யாரிடமும் தையல் படிக்காதவள் கேட்டுத்தானே தெரிந்துகொள்ள வேண்டும்? நீ எல்லார் முன்னாலும், "ஐயோ அக்கா, இதுகூடத் தெரியாமத்தான் இத்தனை வருஷம் மெஷினை மிதிச்சியா?" என்று எழுதி, சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டாய். மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர்களே எதையும் கேட்கவில்லை. அடுத்தது தங்கள் முறை என்ற பயம். தைத்து முடித்த சட்டைகளின் படங்கள் மட்டும் வந்தன.

ஆகவே நானே ஒரு குழு தொடங்கினேன். சேருகிறவர்கள் முதலில் தாங்கள் கெடுத்த துணியைப் படம் எடுத்துப் போட வேண்டும். யாரும் சிரிக்கக் கூடாது. உன் ஆட்கள் எல்லாரும் இப்போது இங்கேதான். கழுத்தை அகலமாக வெட்டிவிட்டேன் என்று ஒருத்தி சொன்னால், சரிசெய்யும் வழியை ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். எனக்கும் ஜிப் வைக்க வந்துவிட்டது.

நீயும் சேரக் கேட்டிருக்கிறாய். "நான் எதையும் கெடுத்ததே இல்லைக்கா" என்கிறாய். உன் வீட்டுக்காரர் கோட்டுக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வெட்டித் தைத்தாயே? என் பீரோவில் ஒளித்து வைக்கச் சொன்னாயே? பத்திரமாக இருக்கிறது.

வந்து எடுத்துக்கொண்டு போ. படத்தை நீயே போடு. விதி போட்டவள் நான்தான். உனக்காக ஒரே ஒரு நாள் எல்லாரையும் சிரிக்க விடுகிறேன்.

விட்டுக்கொடுக்காத,
உன் அக்கா