ஏழாவது ஊசி

அண்ணே,

போன வாரம் செங்காங் கிளினிக்கில் ஒரு பெண் என் தோளில் ஸ்பிரிட் பஞ்சை வைத்தாள். அந்த வாடை வந்ததும், ஊசி தொடும் முன்பே சதை துள்ளியது. நீங்கள் பின்னால் வந்து நின்றது போல இருந்தது. நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

அந்தக் காலத்தில் மூட்டை தூக்கித் தூக்கி என் வலது கை மேலே எழாமல் போயிருந்தது. துறைமுக வேலையே போய்விடும் நிலை. நீங்கள் ஆஸ்பத்திரியில் பிசியோ. முடிச்சு விழுந்த சதையில் மருந்தில்லாத வெறும் ஊசியை இறக்குவீர்கள். டாக்டர் தவிர யாரும் ஊசி போடக்கூடாது என்று உத்தரவு வந்த பிறகும், புக்கிட் மேராவில் உங்கள் வீட்டில் வைத்து எனக்குப் போட்டீர்கள்.

"நான் குத்துறேன், நீ எண்ணு தம்பி. போனது எத்தனை, வந்தது எத்தனை, வாய்விட்டுச் சொல்லு."

அன்று ஏழு போனது, ஆறு வந்தது. பாயை உதறினோம். தரையெல்லாம் காந்தத்தால் துழாவினோம். இல்லை.

"எக்ஸ்ரே எடுக்கணும், வா."

படத்தில் தெரிந்தால் உங்கள் வேலை போய்விடுமே என்று நான் ஓடிவிட்டேன். நீங்களோ மறுநாள் நீங்களாகவே போய்ச் சொல்லிவிட்டீர்கள். விசாரணையில் என்னைக் கேட்டார்கள்.

"ஏழையும் எடுத்துட்டாரு சார்."

"பொய் சொல்லாத லா! ஆறுதான் சார்," என்றீர்கள்.

வீட்டில் போட்டதற்குக் கண்டிப்பு. ஊசியை உள்ளே விட்டதற்கு வேலை போனது. என் கை தேறிவிட்டது. அதன்பின் நீங்கள் கண்ணை மூடும் வரை, தேக்கா சந்தையில் பார்க்கும்போதெல்லாம் என் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவீர்கள். "நம்ம பொருள் பத்திரமா இருக்காடா?"

செங்காங் பெண்ணும் பிசியோதான்; இப்போது அவர்களுக்கு ஊசி போட அனுமதி உண்டு. சுவரில் சான்றிதழ் தொங்குகிறது. "ஆறு போச்சு, ஆறு வந்துடுச்சு அங்கிள்," என்று தாளில் குறித்தாள். என் விரல்களோ ஏழு குத்து எண்ணியிருந்தன. மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். படம் எடுத்தார்கள்.

"உள்ள ஒண்ணுமே இல்லையே அங்கிள். ஊசி தங்கின அடையாளமே இல்ல."

அன்று நான் ஓடாமல் நின்றிருந்தால், ஒரே ஒரு படம் போதும் அண்ணே. உங்கள் வேலை இருந்திருக்கும்.

நேற்று தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரும் இல்லை. தோளில் அதே இடத்தில் இரண்டு தட்டு.

"இருக்கு அண்ணே," என்றேன்.