படம் வராத புரோசசர்

தோஹா
சனிக்கிழமை

அன்பு ஸுஹைனாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். உன் தலைச்சுற்று குறைந்ததா? காத்தான்குடியில் வாவிக்கரை வெள்ளம் வடிந்ததா? நான் நல்ல சுகம்.

போனில் மகள் இரண்டு நிமிடத்தில் ஓடிவிடுகிறாள் அல்லவா? "வாப்பா, நீங்களும் கேமுக்குள்ள வாங்களன், அங்க நிறையக் கதைப்பம்" என்றாள். அதற்காகவே பாகங்களைத் தனித்தனியாக வாங்கி மலிவாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் பூட்டினேன்.

கையிலிருந்த காசுக்கு ஆக வேகமான புரோசசரை வாங்கினேன். பெட்டிக்குள் காத்தாடி சுழன்றது, திரை கறுப்பாகவே இருந்தது. நான் ஏசி திருத்துகிறவன். காற்று வந்தால் மெஷின் நல்லது என்று நம்பி, திரையின் வயரையே இரண்டு மணித்தியாலம் கழற்றி மாட்டினேன். கடைசியில் வாங்கின கடைக்கே கொண்டுபோனேன், கடைக்காரர் சிரித்தார். அந்தப் புரோசசர் தானாகப் படம் காட்டாதாம், தனியாக ஒரு கார்ட் வேண்டுமாம். வேகம் குறைந்தாலும் படம் காட்டுகிற ஒன்றாக மாற்றிக்கொண்டேன்.

நேற்று மகளோடு ஒரு மணித்தியாலம் விளையாடினேன். இடையில் குசினியில் நீ தேங்காய் திருவும் சத்தம் கேட்டது. "உம்மாட சத்தம்" என்று அவள் மைக்கை நிற்பாட்டிவிட்டாள்.

வேலைக்குப் போகும் வேன் ஹோர்ன் அடிக்கிறது. மைக்கை நிற்பாட்ட வேண்டாமென்று அவளிடம் சொல். அவளுடைய லெப்டொப்பை இன்னும் கொஞ்சம் குசினிப் பக்கம் நகர்த்தி வை.

நிஹ்மத்