மாமா வாங்கி வந்த துளை அச்சு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் மட்டும் மழை வரும் முன்பே சேதி சொல்கிறது, அதையும் சுகத்தில் சேர்த்துக்கொள். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாய் என்றே நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்திருக்கிறேன்.

அலமாரித் தட்டுக்குத் துளை போடும் அச்சு எது வாங்கினீர்கள், இங்கிருந்து நல்லதாக ஒன்று அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். அனுப்ப வேண்டாம், வாங்கியாகிவிட்டது. ஆனால் அதை வாங்கிய கதையைச் சொல்லாமல் விட்டால் உன் மாமாவோ அப்பாவோ தங்கள் வாயால் சொல்லிவிடுவார்கள், அதற்கு நானே சொல்வது மேல். மருத்துவமனை மருந்துக் கிடங்குக்குப் பதினெட்டு அலமாரி செய்யும் வேலை வந்திருப்பதை எழுதியிருந்தேன் இல்லையா, அதில் ஒவ்வொரு தட்டையும் வேண்டிய உயரத்துக்கு மாற்றி வைக்க வேண்டுமாம். அப்படியென்றால் இரண்டு பக்கப் பலகையிலும் மேலிருந்து கீழ்வரை வரிசையாகத் துளை, ஓர் அலமாரிக்கு எண்பது. பென்சிலால் குறித்துக் குறித்துப் போட்டால் பட்டறையில் எங்களுக்கு நரை விழுந்து பல்லும் விழுந்துவிடும். அதனால் நானும் மாமாவும் சாமான் கடைக்குப் போனோம். பலகைமேல் வைத்து அதன் ஓட்டை வழியே துளைக்கிற அச்சு மூன்றைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். ஒன்று வெறும் பிளாஸ்டிக், விலை கொள்ளை மலிவு. ஒன்று வெளிநாட்டுச் சரக்கு, அதன் விலையில் இன்னோர் அறுக்கும் மெஷினே வாங்கலாம். நடுவில் ஒன்று, அலுமினியப் பட்டை, ஒவ்வொரு துளைக்குள்ளும் சின்ன எஃகு வளையம், கூடவே கதவுக் கீலுக்கு வட்டக் குழி போடுகிற அச்சும் அதே டப்பாவில். பிளாஸ்டிக்கைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள் என்றார் கடைக்காரர். எல்லோரும் வாங்குவதை என்னிடம் ஏன் இவ்வளவு பாடுபட்டு விற்கிறார் என்று எனக்கு உடனே பட்டது. வளையம் இல்லாத பிளாஸ்டிக்கில் இருநூறு துளை போடுவதற்குள் டிரில் பிட் அதன் ஓட்டையையே தின்று பெரிதாக்கிவிடும், பிறகு பலகையில் விழுவது துளையில்லை, எலி வளை. நடுவில் உள்ளதும் பளபளவென்று இருந்தது, பளபளப்பை நான் என்றைக்கு நம்பினேன். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டேன். நீ கண்ணாடியில உன் மூஞ்சியையே ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் நம்புவே என்று அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பா சொன்னார், நான் காதில் வாங்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து மாமா அந்த நடு அச்சையே கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். டப்பா ஏற்கெனவே பிரித்திருந்தது. பட்டையின் ஒரு முனையில் பென்சிலால் அம்புக்குறி வேறு. புதுச் சாமானில் பென்சில் கோடு எப்படி வரும் என்று கேட்டேன், நான்தான் போட்டேன், அந்த முனை எப்பவும் கீழ வரணும் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, சொல்றேன், முதல்ல வேலையைப் பாப்போம் என்று துளை போடும் மெஷினை எடுத்துக்கொண்டார். யாரோ உழைத்துத் தேய்த்துத் தள்ளிவிட்ட பழைய சாமானைக் கடைக்காரர் இவர் தலையில் கட்டிவிட்டார், இவரும் தெரிந்தே வாங்கி வந்திருக்கிறார், இல்லாவிட்டால் ஏன் மழுப்புகிறார் என்று எனக்குள்ளேயே ஒரு வழக்கு நடத்தித் தீர்ப்பும் எழுதிவிட்டேன். அவர் இடப்பக்கப் பலகையை முடித்துவிட்டு வெளியே போனபோது, அந்தப் பென்சில் கோட்டுக்கு அடியில் வேறு என்ன கீறல் மறைந்திருக்கிறது பார்ப்போம் என்று துணியால் அழுத்தித் துடைத்தேன். ஒன்றும் இல்லை. பிறகு வலப்பக்கப் பலகையை நானே துளைத்தேன், முன்வரிசைக்கு ஒரு மாதிரி, பின்வரிசைக்குத் திருப்பி, பட்டை கைக்கு எப்படி வாகாக இருந்ததோ அப்படி வைத்து.

அலமாரியைச் சேர்த்துத் தட்டை உள்ளே வைத்தால், துளைகளில் செருகிய முளைகளில் மூன்றின்மேல் உட்கார்ந்துகொண்டு நான்காவதில் கால் பாவாமல் ஆடுகிறது. பெயின்ட் அடிக்கிறவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் எதிரில் நான் பேசியது என்னவென்று உனக்கு எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். யாரோ வீசினதைப் பொறுக்கிட்டு வந்து புதுசுன்னு என்கிட்டயே காட்டுறியா, கூடப் பிறந்தவளையே ஏமாத்த ஆரம்பிச்சுட்டியா என்றேன். மாமா கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு போயிருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பலகையை அளக்கிற, சரி. கடைக்காரனை அளக்கிற, அதுவும் சரி. என்னையுமா அக்கா அளக்கணும் என்றார். போய்விட்டார். அன்றைக்கும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை.

எனக்குச் சந்தேகம் போகவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. வராததே குற்றத்துக்குச் சாட்சி என்று எண்ணிக்கொண்டு அச்சைப் பையில் போட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் அச்சைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, உங்க தம்பி மூணு நாள் இங்கயே உக்காந்து மூணு அச்சையும் துண்டுப் பலகையில போட்டுப் பாத்துட்டுத்தாம்மா இதை எடுத்தாரு, டப்பாவை அவருக்காக நான்தான் பிரிச்சேன் என்றார். சரி, தட்டு ஏன் ஆடுது என்றேன். அவர் அளவுகோலை வைத்துப் பட்டையின் இரண்டு முனையையும் அளந்து காட்டினார். ஒரு முனையிலிருந்து முதல் துளைக்கு உள்ள தூரம் வேறு, மறு முனையிலிருந்து வேறு, மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். அது பழுது இல்லையாம், அந்த அச்சின் அமைப்பே அப்படித்தானாம். எந்தப் பலகையில் வைத்தாலும் ஒரே முனை கீழே இருந்தால் துளையெல்லாம் நேருக்கு நேர் வரும், தலைகீழாக வைத்தால் வராது. அதுக்காகத்தான் அவர் இங்கயே பென்சில்ல அம்பு போட்டுட்டுப் போனாரு, அதை யாரும்மா அழிச்சது என்று கேட்டார். அந்தக் கடையில் ஆயிரம் சாமான் தொங்குகிறது, எதையாவது பார்ப்பது போல நின்றேன்.

அங்கிருந்து நேரே மாமா வீட்டுக்குப் போனேன். அத்தைதான் கதவைத் திறந்தாள், வாங்க அண்ணி என்று அவள் சொன்ன சுருக்கிலேயே எல்லாம் தெரிந்தது. உள்ளே மாமா உடைந்த நாற்காலி ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. வரும் வழியில் ஆயிரம் சொல் கோத்து வைத்திருந்தேன். அம்பை அழிச்சவ நான்தான்டா, தலைகீழா வச்சவளும் நான்தான் என்று மட்டும் சொன்னேன். அவர் நாற்காலிக் காலில் இன்னும் இரண்டு ஆணி அடித்தார். பிறகு, நீ நம்பமாட்டேன்னு தெரிஞ்சுதான் மூணு நாள் அங்க உக்காந்தேன், அதைச் சொன்னா அதுக்கும் சாட்சி கேப்பே, அதான் சொல்லலை என்றார். என்னோடு பிறந்து ஐம்பது வருடம் கூடவே இருக்கிற ஒருவன் என்னிடம் ஒரு சாமானைக் காட்ட இவ்வளவு ஒத்திகை பார்க்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது என் கண் நிறைந்துவிட்டது. அதை அவர் பார்த்தாரோ இல்லையோ, கெட்டது எத்தனை பலகை என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். அப்ப நாளைக்கு வர்றேன் என்றார்.

சொன்னபடி வந்தார். பதினெட்டும் முடிந்தது. கீல் குழிக்கு டிரில் பிட்டில் ஒரு வளையம் மாட்டி அளவு மீறி ஆழம் போகாமல் கட்டிவிட்டோம், ஒரு கதவுகூட மறுபக்கம் பொத்துக்கொள்ளவில்லை. கிடங்குப் பொறுப்பாளர் அம்மா என்னைவிடச் சந்தேகக்காரி, ஒவ்வொரு தட்டின் மூலையையும் விரலால் அழுத்திப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. யார் வேலை என்று கேட்டாள். பெயின்ட்காரரும் பக்கத்தில் நின்றார், அவர் காதிலும் விழட்டும் என்றே, துளையெல்லாம் என் தம்பி போட்டது, முதல்ல ஒண்ணைக் கெடுத்தது நான் என்று சொன்னேன். மாமா ஸ்க்ரூ டப்பாவில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் போன கடிதத்தில் நன்றாக இருக்கிறேன் என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தாய். நன்றாக இருப்பவர்கள் ஒரு தடவைதான் எழுதுவார்கள். வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை, மாப்பிள்ளையைப் பற்றியும் இல்லை. உன் தோழியைக் கூப்பிட்டு ஊர்க்கதை பேசுவது போல விசாரித்துவிடலாம் என்று போனில் அவள் எண்ணைக்கூடப் போட்டேன், மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். உன்னையே கேட்கிறேன் கண்ணே, எப்படி இருக்கிறாய்? நீ என்ன எழுதினாலும் அதுதான் உண்மை என்று எடுத்துக்கொள்வேன், வேறு யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கமாட்டேன். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நான்காவது தடவை எழுதினாலும் நம்புவேன். நன்றாக இல்லை என்றால் உடனே கிளம்பி வா, காரணத்தை வந்தபிறகு சொன்னால் போதும், சொல்லாவிட்டாலும் போதும்.

உங்கள் அடுப்படி அலமாரிக் கதவு தொங்குகிறது என்றாயே, கீலில் முன்னால் இருக்கும் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பு, மறந்துவிடாதே. குறைவில்லாமல், பயமில்லாமல் நீ நெடுநாள் வாழ வேண்டும். அப்பாவின் ஆசியும் மாமா, அத்தையின் அன்பும் இதோடு சேர்ந்து வருகின்றன.

உன்னை நம்புகிற,
அம்மா