சந்து விடாமல் அடைத்த வீடு

பேட்டை
30.3.1997, இரவு

அன்புள்ள நஃபீஸத் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் என் படிப்பே நின்றுவிடும்.

நான் உலகம்மாள். நீங்கள் எங்கள் வீட்டைக் கட்டிக் கொடுத்தபோது செங்கல் எடுத்துத் தருகிறேன் என்று உங்கள் பின்னாலேயே திரிந்தவள். இப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறேன். வீடு நன்றாக இருக்கிறது. ஆனி ஆடியில் செங்கோட்டைப் பக்கத்துக் காற்று நீங்கள் செங்கற்களுக்கு இடையே ஓட்டை விட்டுக் கட்டிய சுவர் வழியாக உள்ளே வந்து, மின்விசிறி இல்லாமலே தூங்கவைக்கிறது. தெருவிளக்கின் வெளிச்சமும் அதே வழியாகப் பொட்டுப் பொட்டாக விழும். அதில்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா அந்த ஓட்டைகளை அடைத்துவிட்டு ஏசி வைக்கப் போகிறாராம். "இது வீடா, கோழிக்கூடா? நான் செருமினா தெரு முழுக்கக் கேக்குது" என்று கத்துகிறார். கேட்பது உண்மைதான். அப்பாவுக்குக் கோபம் வரும் இரவுகளில், பக்கத்து வீட்டு மீரா முகைதீன் அண்ணாச்சி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னவே அம்மையப்பன், இன்னும் தூங்கலையா? எனக்குத் தண்ணி தவிக்கி. ஒரு செம்பு குடிக்க அங்கன வரட்டா?" என்பார். உடனே அப்பா அடங்கிவிடுவார்.

அடைத்தால் வீடு இடிந்துவிடும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். பொய்யாக இருந்தாலும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். பதிலை என் தோழி ஹம்ஸினி வீட்டுக்கு அனுப்புங்கள். முகவரி பின்பக்கம் இருக்கிறது.

அம்மா உங்களை அடிக்கடி நினைத்துக்கொள்வாள். மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறாள்.

உங்கள்
உலகு

*

திருவனந்தபுரம்
9.4.1997

அன்புத் தங்கை உலகம்மாளுக்கு,

நஃபீஸத் எழுதுவது. இறைவன் கருணையால் நலமாக இருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பெருமையும் பட்டேன். ஒரு சுவருக்காக இப்படிக் கெஞ்சுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை.

ஆனால் பொய் சொல்ல எனக்கு வராது. ஓட்டைகளை அடைத்தால் வீடு இடியாது, வேகும். அவ்வளவுதான். போன வாரம் உன் அப்பாவே தொலைபேசியில் கூப்பிட்டார். காற்று தானாக வரும் வீட்டுக்கு ஏசி எதற்கு என்று எவ்வளவோ சொன்னேன். "பகலெல்லாம் பட்டறைச் சூட்டுல வேகுதேன். ராத்திரியாவது குளுந்து கெடக்கேனே" என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல?

ஏசி ஓடும் அறையில் ஓட்டை இருந்தால் குளிரெல்லாம் தெருவுக்குப் போய்விடும், மின்சாரம் வீண். ஆகவே அடைப்பதானால் சந்து விடாமல் அடைத்து, கதவின் அடியிலும் ரப்பர் பட்டை ஒட்டச் சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் செங்கல் வைத்து மூடக் கூடாது என்றேன். படுக்கையறை உச்சியிலிருந்து புகைபோக்கிபோல மொட்டைமாடிக்கு மேலே எழும்பும் கூண்டு. சூடான காற்று மேலேதான் போகும். அந்தக் கூண்டுக்கு ஒரு மரமூடி போட்டு, கயிற்றை மாடிப்படியில் தொங்கவிடுவார்கள். காலையில் இழுத்தால் அறையில் அடைபட்ட காற்று வெளியேறிவிடும். அந்தக் கயிறு உன் பொறுப்பு.

அம்மாவைப் பார்த்து நடக்கச் சொல். குளியலறைத் தரையைச் சொரசொரப்பாகத்தானே போட்டோம்!

அன்புடன்
நஃபீஸத்

*

பேட்டை
18.5.1997, இரவு

அக்கா,

நீங்கள் போட்ட தரையில் யாரும் வழுக்கி விழமாட்டார்கள். அம்மாவும் விழவில்லை. அப்பா அவள் கையைக் கதவிடுக்கில் வைத்து, கதவைச் சாத்தினார். அண்ணாச்சி தாகத்துக்குத் தண்ணீர் கேட்கவில்லை. உங்களுக்குப் புரியும் என்று நினைத்தேன். எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

நீங்கள் சொன்னபடியே சந்து விடாமல் அடைத்தாகிவிட்டது. கொத்தனார் கடைசி ஓட்டையைப் பூசிவிட்டுத் தெருவைத் தாண்டியதும், அப்பா அம்மாவின் முடியைப் பிடித்து முகத்தை ஈரச் சிமெண்டில் அழுத்தினார். "இப்பக் கத்துடீ. எவன் தண்ணி கேட்டு வாரான்னு பாப்போம்" என்றார். அம்மாவின் கன்னம் பதிந்த இடம் அப்படியே காய்ந்திருக்கிறது. அதைப் பூச அப்பா விடவில்லை.

எங்கள் வீட்டில் ஏசி ஓட ஆரம்பித்தால் அடி விழப் போகிறது என்று அர்த்தம். பெல்ட் அறுந்துபோனதால் பட்டறையிலிருந்து ரப்பர்க் குழாய் கொண்டுவந்திருக்கிறார். குறுக்கே போன என்னைச் சுவரில் எறிந்தார். இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை. நேற்றுக் காலை அம்மா வாய் கொப்பளித்துத் துப்பியதில் ஒரு பல் கிடந்தது. "வெளிய மூச்சு விட்டே, ஒங்கம்மைய உயிரோட பாக்க மாட்டே" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மாடிப்படியில் மெழுகுவத்தி வைத்து எழுதுகிறேன். உங்கள் கயிறு பக்கத்தில் தொங்குகிறது. சூடான காற்று மேலேதான் போகும் என்றீர்கள். சத்தமும் போகும்தானே? வெயில் தாங்காமல் இந்தத் தெருவே மொட்டைமாடியில் படுத்திருக்கிறது. அண்ணாச்சி பாய் விரிப்பது எங்கள் கூண்டுக்கு எதிரில்தான். மூடி கிறீச்சிடாமல் இருக்க, மத்தியானமே கீலில் தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டேன்.

ஏசி ஓட ஆரம்பித்துவிட்டது.

இழுத்துவிட்டேன். கயிற்றைக் கைப்பிடிக் கம்பியில் கட்டியிருக்கிறேன். எழுதிக்கொண்டே இருந்தால்தான் நான் கத்தாமல் இருப்பேன். அம்மா கத்துகிறாள். கதவு வழியாக ஒன்றும் கேட்கவில்லை அக்கா, மேலே வானத்திலிருந்து கேட்கிறது.

அண்ணாச்சி இருமுகிறார். "என்னவே அம்மையப்பன், எனக்குத் தண்ணி தவிக்கி!" மறுபடியும் கூப்பிடுகிறார், இன்னும் சத்தமாக. அப்பா அடங்கவில்லை. ஏசி இரைச்சலில் அவருக்கு எதுவும் கேட்காது. "ஏலே, எல்லாரும் எந்திரிங்கலே! அந்தப் பிள்ளையக் கொல்லுதான்!" மாடி மாடியாகக் காலடிகள் இறங்குகின்றன.

தெருக்கதவைத் தட்டுகிறார்கள். ஒரு கை அல்ல, பல கைகள். "உலகு, பயப்படாதம்மா, தாழ்ப்பாளத் தொற! நாங்க இங்கனதான் நிக்கோம்!"

அப்பாவுக்கு இன்னும் கேட்கவில்லை. தாழ்ப்பாள் எனக்கு எட்டும். நான்